நாலு வயசுப் பையனுக்கு மணி கோக்க வரல, பென்சில் பிடிக்க வரல: பயப்படணுமா?

சிங்கப்பூர் செங்காங்லேருந்து ஒரு அம்மா நீளமா ஒரு லெட்டர் எழுதியிருக்காங்க. பேரு, ஸ்கூல் எல்லாம் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சொல்றேன். பையனுக்கு 4 வயசு 4 மாசம், நர்சரி 2 படிக்கிறான். போன மாசம் பேரண்ட்ஸ் மீட்டிங்ல டீச்சர், "கை பலம் கம்மியா இருக்கு, கிரேயான முஷ்டிக்குள்ள வச்சுத்தான் பிடிக்கிறான், வீட்டுல மணி கோக்குற மாதிரி ஏதாச்சும் செய்ய வைங்க"னு சொல்லியிருக்காங்க. அன்னிக்கு ராத்திரியே இவங்க ஆன்லைன்ல 600 மணி இருக்குற டப்பாவும் நைலான் நூலும் ஆர்டர் பண்ணிட்டாங்க. தினமும் வேலை முடிஞ்சு வந்து, சாப்பாடு ஆனதும், எட்டு மணிக்கு சோபாவுல உக்கார வச்சு முக்கால் மணி நேரம் பழக்குறாங்க. நாலாவது மணிக்குள்ள அவன் அழுதுடுறான், டப்பாவ கவுத்துடுறான், கீழ உருண்ட மணிய 14 மாசத் தங்கச்சி வாயில போட ஓடி வருது. மாமியார், "ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த பொம்பளைங்க வேலை"ங்குறாங்க, அவன் இடது கையில கிரேயான் எடுத்தா வலது கைக்கு மாத்தி விடுறாங்க. கணவர், "ஐபேட்ல எழுத்து டிரேஸ் பண்ற ஆப் இருக்கு, அத போட்டுக் குடு"ங்குறார். நாத்தனார் பொண்ணு, அதே வயசு, இங்கிலீஷ்லயும் தமிழ்லயும் பேரு எழுதுது. இவங்க கேட்டிருக்குறது நாலு கேள்வி. கையில ஏதாவது கோளாறா? தெரபி வேணுமா? தெரபிக்குப் போனா பிரைமரி 1 சேக்கும்போது பிரச்சினை வருமா? கடைசியா, "நான் வேலைக்குப் போறதாலதான் இப்படி ஆச்சா?"

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன், ஏன்னா அந்த ஒரு வரிய நீங்க எழுதி அடிச்சுட்டு மறுபடி எழுதியிருக்கீங்க. இல்லம்மா. நீங்க வேலைக்குப் போறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. குழந்தைங்களோட ஆக்குபேஷனல் தெரபிஸ்டா, அதாவது சாப்பிடுறது, உடுத்துறது, எழுதுறது மாதிரி அன்றாட வேலைகளப் பழக்குற தெரபிஸ்டா, இத்தன வருஷத்துல, முழு நேரமும் வீட்டுலயே இருக்குற அம்மாக்களோட பிள்ளைங்களும் இதே மாதிரி கிரேயான முஷ்டியில பிடிச்சுக்கிட்டு என் முன்னாடி வந்து உக்காந்திருக்காங்க. எட்டு மணி வரைக்கும் ஓடிட்டு வந்து அதுக்கப்புறமும் பிள்ளையோட தரையில மணி பொறுக்குற அம்மா நீங்க, அந்தக் குத்த உணர்ச்சிய தயவுசெஞ்சு இறக்கி வச்சுட்டு மீதியப் படிங்க.

டீச்சர் சொன்னத நான் தள்ளிப் போட மாட்டேன். அவங்க கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு. நாலு வயசு தாண்டின பல பிள்ளைங்க மூணு விரல்லயோ நாலு விரல்லயோ கிரேயான பிடிக்க ஆரம்பிச்சிருப்பாங்க, முஷ்டிப் பிடி அந்த வயசுக்குக் கொஞ்சம் பின்தங்கினதுதான். ஆனா கொஞ்சம்தான். விரல் மட்டும் தனியா அசைஞ்சு எழுதுற அந்தப் பெரியவங்க பிடி பொதுவா அஞ்சு ஆறு வயசுல வர்றது, அதுக்கு முன்னாடி மூணு விரல்ல பிடிச்சாலும் மணிக்கட்டும் கையும் சேந்துதான் ஆடும். இன்னொண்ணும் தெரிஞ்சுக்குங்க, நம்ம மணிக்கட்டுல 8 சின்ன எலும்பு இருக்கு, பொறக்கும்போது எல்லாமே குருத்தெலும்பு, ஒண்ணொண்ணா கெட்டியாகி வரும், உங்க பையன் வயசுல எக்ஸ்ரே எடுத்தா பாதி வாக்குலதான் தெரியும், கடைசி எலும்பு கெட்டியாக எட்டு வயசுக்கு மேல ஆகும். அந்தக் கைய முக்கால் மணி நேரம் ஒரே வேலையில நிறுத்தி வச்சா அது வலிக்கும், அவன் அழுவுறது அடம் மட்டும் இல்ல.

மணி கோக்கும்போது கையில என்ன நடக்குது

இத கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க. ஒரு கை லேஸ் நுனிய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிக்கணும், இன்னொரு கை மணிய ஓட்டை தெரியுற மாதிரி திருப்பிப் பிடிக்கணும், கண்ணு ரெண்டையும் சேத்துப் பாக்கணும். குத்தியாச்சு, நுனி அந்தப் பக்கம் எட்டிப் பாக்குது. இப்பதான் கஷ்டமான இடம். மணி பிடிச்ச கை விடாம இருக்கணும், லேஸ் பிடிச்ச கை அத விட்டுட்டு அந்தப் பக்கம் போயி நுனியப் பிடிச்சு இழுக்கணும். பிள்ளைங்க தடுமாறுறது இந்தக் கை மாத்துற இடத்துலதான், ரெண்டு கையையும் ஒண்ணா விட்டுடுவாங்க, மணி கீழ விழும், அழுகை வரும். பெரியவங்க நாம, "ஓட்டைக்குள்ள போடத் தெரியல"ன்னு நினைச்சுக்கிட்டு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக் குடுப்போம், அவனுக்குக் கஷ்டம் அங்க இல்லவே இல்ல.

நீங்க வாங்கின டப்பாவுல மணி ரொம்பப் பொடிசு, நைலான் நூல் வழுக்கும், சுருண்டுக்கும், நுனிக்கு விறைப்பு கிடையாது. எட்டு வயசு அக்காங்க ஃபிரெண்ட்ஷிப் பேண்ட் செய்யுறதுக்கு உள்ள சாமான் அது. சைக்கிள் ஓட்டத் தெரியாத பிள்ளைய நேரா ரோட்டுல விட்ட மாதிரி ஆயிடுச்சு, உங்க தப்பு இல்ல, டப்பா மேல 3+னு போட்டிருந்தா யாரும் வாங்கத்தான் செய்வாங்க.

முதல் வாரம் லேஸே வேணாம். சப்பாத்தி மாவு உருண்டை ஒண்ண தட்டுல அழுத்தி வச்சு, அதுல ஒரு கெட்டி ஸ்ட்ராவ நேரா நட்டு, பென்னே பாஸ்தாவ ஒண்ணொண்ணா அதுல மாட்டச் சொல்லுங்க. ஸ்ட்ரா தானா நிக்குது, அதனால ஒரு கை வேலை செஞ்சாப் போதும், அவனுக்கு உடனே ஜெயிச்ச மாதிரி இருக்கும். அது சலிச்சதும் பைப் கிளீனர், அதான் கம்பியச் சுத்திப் பஞ்சு வச்ச குச்சி, பாப்புலர் கடையிலயோ டைசோ கடையிலயோ கிடைக்கும், நுனிய மடிச்சு விட்டுடுங்க குத்தாம இருக்க. அது விறைப்பா நிக்கும், மணிய விட்டாலும் வழுக்கி ஓடாது, அந்தக் கை மாத்துற இடத்த அவன் நிதானமா பழகலாம். அதுக்கப்புறம் பழைய ஷூ லேஸ். லேஸ் நுனியில இருக்குற பிளாஸ்டிக் பெரும்பாலும் ரொம்பக் குட்டை, மணியோட ஓட்டை அதவிட நீளமா இருந்தா நுனி உள்ளயே நின்னுடும், பிள்ளைக்கு இழுக்க ஒண்ணும் வெளிய வராது. அதனால ஸ்காட்ச் டேப்ப நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு இறுக்கமா சுத்தி விடுங்க. இந்த ஒரு டேப்பு போட்டதுமே அன்னிக்கே கோக்க ஆரம்பிச்ச பிள்ளைங்கள நான் பாத்திருக்கேன். மறு நுனியில ஒரு பெரிய மணியக் கட்டிடுங்க, கோத்ததெல்லாம் வழிஞ்சு போகாம இருக்க.

லேஸ் நல்லா வந்ததும் மைலோ பாக்கெட் அட்டையில மீன் மாதிரியோ பஸ் மாதிரியோ வெட்டி, ஓரத்துல பஞ்ச் மெஷின்ல ஓட்டை போட்டு, மேல கீழனு லேஸ விட்டு எடுக்குறது. முதல்ல எட்டு ஓட்டை போதும். பிளாஸ்டிக் ஊசியில உல்லன் நூல் போட்டுத் தைக்குறதெல்லாம் அஞ்சு வயசுக்கு மேல பாத்துக்கலாம். இதெல்லாம் புதுசா யாரோ ஆன்லைன்ல விக்கக் கண்டுபிடிச்சதுனு நினைக்காதீங்க, ஜெர்மனியில 1837-ல சின்னப் பிள்ளைங்களுக்குன்னு பள்ளி ஆரம்பிச்சு, பின்னாடி அதுக்குக் கிண்டர்கார்டன்னு பேரு வச்ச ஃபிரோபெல், அட்டையில ஓட்டை போட்டு நூல் விடுற வேலைய அப்பவே பாடத்துல வச்சிருந்தார்.

நேரம் 10 நிமிஷம். ராத்திரி எட்டு மணிக்கு வேணாம், அந்த நேரத்துல உங்களுக்கும் பொறுமை இருக்காது அவனுக்கும் இருக்காது. சனி ஞாயிறு காலையிலயும், வாரத்துல ரெண்டு நாள் குளிக்குறதுக்கு முன்னாடியும் போதும். சோபாவுல கால் தொங்கிக்கிட்டு இருந்தா உடம்ப நேரா வச்சுக்கவே பாதி சக்தி போயிடும், தரையில சம்மணம் போட்டு உக்கார வைங்க, இல்லேன்னா பாதம் தரையில படியுற குட்டி ஸ்டூல். அவன் மூணு மணி கோத்துட்டு எழுந்து போனா போகட்டும், பின்னாடியே கூப்பிடாதீங்க.

இடது கைய விட்டுடுங்க

உங்க லெட்டர்ல நீங்க போற போக்குல எழுதின விஷயம் இது, எனக்கு இதான் பெரிய விஷயமா பட்டுச்சு. எந்தக் கைங்குறது நாலுலேருந்து ஆறு வயசுக்குள்ளதான் நல்லா நிலைக்கும். அவன் இடது கையில எடுக்குறான், பாட்டி வலதுக்கு மாத்துறாங்க, ஒவ்வொரு தடவையும் அவன் கை ஒரு வேலைய ஆரம்பிச்சு பாதியில நின்னு இன்னொரு கையில மறுபடி தொடங்குது. முஷ்டிப் பிடி இன்னும் போகாததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம், ரெண்டு கைக்கும் பாதிப் பாதிப் பழக்கம்தான் கிடைச்சிருக்கு. இடது கைப் பழக்கம் நோய் இல்ல, மாத்த வேண்டியதும் இல்ல.

ஒரு வாரம் சும்மா கவனிங்க. கிரேயான், ஸ்பூன், பல் பிரஷ் எதக் குடுத்தாலும் அவன் நெஞ்சுக்கு நேரா நடுவுல வைங்க, எந்தக் கை வருதுனு ஒரு பேப்பர்ல கோடு போட்டுக்கிட்டே வாங்க. பந்து எறியுறது, ஸ்டிக்கர் உரிக்குறது, லேஸ் நுனியப் பிடிக்குறது எல்லாத்தையும் சேத்துக்குங்க. பெரும்பாலும் இடதுன்னா அவன் இடது கைக்காரன், கத்திரிக்கோலும் இடது கைக்குன்னு செஞ்சதா வாங்கிக் குடுங்க. இன்னும் கலந்துதான் வருதுன்னா அதுவும் இந்த வயசுல நடக்குறதுதான், அவனே முடிவு பண்ணட்டும்.

அத்தைகிட்ட இத எப்படிச் சொல்றதுனு யோசிப்பீங்க. சண்டையா ஆக்காதீங்க, அவங்க கெட்ட எண்ணத்துல செய்யல, சாப்பிடுறதும் குடுக்குறதும் வாங்குறதும் வலது கையிலனு வளந்தவங்க. அந்த மரியாதைய வச்சுக்கிட்டே, "அத்தை, சாப்பாடு உங்க இஷ்டப்படியே சொல்லிக் குடுங்க, கிரேயான் பென்சில மட்டும் அவன் போக்குல விட்டுடலாம், டாக்டருங்க மாத்தக் கூடாதுங்குறாங்க"ன்னு சொல்லுங்க. பாதி விட்டுக் குடுத்தா மீதிய அவங்க விட்டுக் குடுப்பாங்க.

பொம்பளைங்க வேலைன்னு சொன்னாங்களே, அதுக்கும் சண்டை வேணாம். ஒரு நாள் சாயந்திரம் எல்லாரையும் கூட்டிக்கிட்டு லிட்டில் இந்தியாவுல கேம்பல் லேன் பக்கமோ பஃபலோ ரோடு பக்கமோ போங்க. பூக்கடையில உக்காந்து மாலை கட்டுறது பெரும்பாலும் ஆம்பளைங்கதான், பேச்சு வாடிக்கைகாரங்களோட, கண்ணு ரோட்டுல, விரல் மட்டும் தானா ஓடும். தம்பிய அஞ்சு நிமிஷம் நின்னு பாக்க விடுங்க. உங்க லெட்டர்ல இன்னொண்ணு எழுதியிருந்தீங்க, அத்தை வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மல்லி வாங்கி வந்து சாமி படத்துக்குத் தானே கட்டுவாங்கனு. வீட்டுக்குள்ளயே இப்படி ஒரு டீச்சர வச்சுக்கிட்டு ஆன்லைன்ல டப்பா வாங்கியிருக்கீங்க! அவங்க கட்டும்போது கவனிச்சுப் பாருங்க, ஒரு கை பூவையும் நாரையும் நசுங்காம பிடிச்சுக்கிட்டு அசையாம இருக்கும், மறு கை சுத்தி இறுக்கும், நான் மேல சொன்ன அதே ரெண்டு கை வேலைதான். தம்பிய பக்கத்துல உக்கார வச்சு ரெண்டு ரெண்டு பூவா எடுத்துக் குடுக்கச் சொல்லட்டும், காம்பப் பிடிச்சு எடுக்குறதே நல்ல பயிற்சி. பாட்டி கேக்குறாங்கனு செய்யும்போது அழ மாட்டான், பாட்டிக்கும் மனசு மாறும்.

மணிக்கு வெளியே இருக்குற வேலை

மணி கோத்தா எழுத்து வந்துடும்னு நீங்க நினைக்குறீங்க, அதுல பாதிதான் உண்மை. விரல் பிடி, ரெண்டு கையும் ஒத்துப் போறது, கண்ணும் கையும் சேருறது, இதெல்லாம் அதுல வரும். ஆனா எழுத்துக்குக் கோடு போட்டுப் பழகணும், அது தனி. சும்மா வரையும்போது பாருங்க, வட்டம் மூடுறானா, கூட்டல் குறி போடுறானா. சதுரம் நாலரை அஞ்சு வயசுல வரும், முக்கோணம் அதுக்கும் பின்னாடி. சாய்வுக் கோடே வராத கைகிட்ட 'ழ'வும் 'ண'வும் கேக்குறது நியாயமில்ல, நாத்தனார் பொண்ணு எழுதுதுன்னா சந்தோஷப்படுங்க, அதோட அளவுகோல இங்க கொண்டு வராதீங்க. பெரிய கிரேயான ரெண்டா உடைச்சுக் குட்டியா குடுங்க, இடம் இல்லாததால முஷ்டி தானா விரலுக்கு இறங்கி வரும். பேப்பர செவுத்துல ஒட்டி வரைய விட்டா மணிக்கட்டும் நல்ல நிலையில நிக்கும். தட்டுல அரிசி மாவு பரப்பி, புள்ளி வச்சு விரலால கோலம் போட வைங்க, வளைஞ்சு போயித் திரும்புறது தமிழ் எழுத்துக்கு அப்படியே உதவும்.

தோள் பலம் இல்லாம விரல் பலம் வராது. பிளாக்குக்குக் கீழ இருக்குற பிளேகிரவுண்ட்ல கம்பியப் பிடிச்சுத் தொங்கட்டும், ஏறட்டும். துணி காயப்போடும்போது கிளிப் மாட்டுற வேலைய அவன்கிட்ட குடுங்க, ஜன்னல் பக்கத்துல இல்ல, வீட்டுக்குள்ள இருக்குற ரேக்குல. முருங்கைக்கீரை உருவட்டும், அவிச்ச முட்டை உரிக்கட்டும், குளிக்கும்போது ஸ்பாஞ்சப் பிழியட்டும். இதுக்கெல்லாம் தனியா நேரம் ஒதுக்க வேணாம், நீங்க எப்படியும் செய்யுற வேலைதான்.

உங்க கணவர் சொல்ற ஆப்ப பத்தி. கெடுதல்னு சொல்லல, ஆனா கண்ணாடி மேல ஒரு விரல் வழுக்கிப் போறதுல பிடிக்க ஒண்ணும் இல்ல, அழுத்தம் இல்ல, மறு கைக்கு வேலையே இல்ல. இவனுக்குக் குறையுறது அந்த மூணும்தான். சுகாதார அமைச்சும் இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் நேரம் போக ஸ்கிரீன் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்குள்ள இருக்கணும்னுதான் சொல்லுது, அந்த நேரத்த டிரேசிங்ல செலவு பண்ணாதீங்க. உங்க கணவருக்கு வேற வேலை குடுங்க, ஓட்டை போட்ட அட்டை வெட்டுறது அவர் பொறுப்பு.

பாப்பா விஷயத்துல மட்டும் நான் கண்டிப்பா சொல்றேன்

14 மாசக் குழந்தை இருக்குற வீட்டுல பொடி மணி தரையில இருக்கவே கூடாது. டாய்லெட் ரோல் அட்டைக் குழாய் வழியா விழுற எந்தச் சாமானும் மூணு வயசுக்குக் கீழ ஆபத்துனு ஒரு கணக்கு வச்சுக்குங்க. அண்ணன் கோக்குறது பாப்பா தூங்கும்போது மட்டும், பத்து மணி எண்ணி எடுங்க, பத்தையும் எண்ணி உள்ள வைங்க, அவனே எண்ணட்டும். தண்ணியில ஊறிப் பெருசாகுற ஜெல் மணி, காந்த மணி இந்த ரெண்டும் வீட்டுக்குள்ளயே வேணாம், முழுங்கினா குடல்ல பெரிய சேதம் பண்ணும். கோத்த மாலைய கழுத்துல போட்டுக்கிட்டு தூங்கவோ பிளேகிரவுண்ட் போகவோ விடாதீங்க, எங்கயாச்சும் மாட்டினா கழுத்த இறுக்கிடும். லேஸும் அவன் முழங்கை நீளத்துக்கு மேல வேணாம். மூக்குலயோ காதுலயோ மணி போயிட்டா இடுக்கி விட்டு எடுக்காதீங்க, இன்னும் உள்ள போகும், டாக்டர்கிட்ட போயிடுங்க. மூச்சுத் திணறினா உடனே 995-க்குக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் வரவைங்க.

தெரபி வேணுமா

உங்களுக்கு மூணு வழி இருக்கு. சும்மா விடுறது, வீட்டுல எட்டு வாரம் முயற்சி பண்ணிப் பாத்துட்டு முடிவெடுக்குறது, இப்பவே அப்பாயின்ட்மென்ட் எடுக்குறது. நீங்க எழுதின வரைக்கும் நான் ரெண்டாவதத்தான் சொல்வேன். ஓடுறான், ஏறுறான், சட்டையில பெரிய பட்டன் தானே போடுறான், நிறைய பேசுறான்னு எழுதியிருக்கீங்க, அது நல்ல அறிகுறி. ஆனா ஒரு கைய சுத்தமா உபயோகிக்காம ஒதுக்குறான், கை நடுங்குது, முன்னாடி செஞ்சத இப்ப செய்ய முடியல, அடிக்கடி தடுக்கி விழுறான், பேச்சுலயும் பின்தங்கல் தெரியுதுன்னா எட்டு வாரம் காத்திருக்காதீங்க. பிள்ளையோட ஹெல்த் புக்லட்ல 4 வயசுக்கு மேல செய்ய வேண்டிய வளர்ச்சிப் பரிசோதனை ஒண்ணு இருக்கு, அது இன்னும் ஆகலேன்னா எப்படியும் அரசாங்க கிளினிக்கான பாலிகிளினிக் போகத்தான் வேணும், டீச்சர் சொன்னத அங்கயே சொல்லுங்க. தேவைப்பட்டா அவங்களே கேகே ஆஸ்பத்திரிக்கோ என்யூஎச் ஆஸ்பத்திரிக்கோ ரெஃபர் பண்ணுவாங்க. பாலிகிளினிக் ரெஃபரல்ல போனா மானியக் கட்டணம், ஆனா காத்திருக்க வேண்டியிருக்கும். பிரைவேட்டா போனா சீக்கிரம் பாக்கலாம், செலவு கூட. அப்படிப் போறதா இருந்தா, அந்த தெரபிஸ்ட், தெரபிஸ்டுங்களப் பதிவு பண்ற அலைட் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சில்ல பதிவு பண்ணவங்களானு அவங்க வெப்சைட்லயே தேடிப் பாத்துக்குங்க, அது உங்க உரிமை, தயங்க வேண்டியதில்ல.

ஸ்கூல்லயும் கேளுங்க. லேசான பின்தங்கல் இருக்குற பிள்ளைங்களுக்கு பிரீஸ்கூலுக்கே வந்து உதவுற டெவலப்மென்ட் சப்போர்ட் திட்டம் பல சென்டர்ல இருக்கு, உங்க சென்டர்ல உண்டானு கேட்டு வச்சுக்குங்க. டீச்சர்கிட்ட இன்னொரு கேள்வியும் கேளுங்க, வகுப்புல அவன் எந்தக் கையில எடுக்குறான்னு. அங்க பாட்டி இல்ல, அந்த பதில் ரொம்ப உபயோகமா இருக்கும்.

பிரைமரி 1 பயம் வேணவே வேணாம். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கு, அரசாங்க ஸ்கூல்ல சேக்குறதுக்குப் பிள்ளைக்கு எழுத்துப் பரீட்சை கிடையாது, தெரபிக்குப் போனதால இடம் மறுக்குறதும் கிடையாது. 2019-லேருந்து பிரைமரி 1, 2-ல மார்க் போடுற தேர்வே எடுத்துட்டாங்க. உண்மையச் சொன்னா, உதவி வேணும்னா அத இப்ப வாங்குறதுதான் அவனுக்கு லாபம், கே 2, அதாவது பிரைமரி 1-க்கு முந்தின வருஷம் வரைக்கும் தள்ளிப் போட்டு கடைசி வருஷத்துல ஓடுறதுதான் கஷ்டம்.

எட்டு வாரம் கழிச்சு மூணு விஷயம் பாருங்க. குட்டி கிரேயான விரல்ல பிடிக்குறானா, டேப் சுத்தின லேஸ்ல அஞ்சு பெரிய மணி தானே கோக்குறானா, "இன்னொரு தடவ"ன்னு அவனா கேக்குறானா. ரெண்டு இருந்தா அப்படியே தொடருங்க. ஒண்ணுமே இல்லேன்னா, கை குறிச்சு வச்ச அந்தக் கோடு போட்ட பேப்பரையும் எடுத்துக்கிட்டு பாலிகிளினிக் போங்க.

அந்த 600 மணி டப்பாவத் தூக்கிப் போட வேணாம். டேப் போட்டு மூடி, அலமாரி மேல் தட்டுல வைங்க. அவனுக்கு ஆறரை வயசு ஆகும்போது பாப்பாவுக்கும் மூணு தாண்டியிருக்கும், அப்ப எடுத்துக்கலாம்.